தண்டையார்பேட்டையில் 14 அடிச் சுவர் ஒன்று இருக்கிறது. எந்தப் பெண் ஓவியர்களை மாட்டலாம்?

கேள்வி: படிப்பக வாசகி

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறோம். மளிகைக் கடைக்கு மேலே முதல் மாடி. சாயங்காலம் எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். மார்ச்சில் மகளிர் தினத்தை ஒட்டி, அந்த மாடிச் சுவரில் பெண் ஓவியர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று இருக்கிறோம். சுவர் 14 அடி நீளம். ஏ3 அளவில் பத்துப் படம் தாராளமாக நிற்கும்.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். நெட்டில் தேடினால் ஃப்ரிடா காலோவும் அம்ரிதா ஷேர்கிலும்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவர்கள் இரண்டு பேரையும் வைக்கலாம், சரி. மற்றவர்கள்?

இன்னொன்று. மகளிர் தினம் என்றாலே ஒரு முகம், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே "சாதனைப் பெண்மணி" என்று ஒரு வரி, அவ்வளவுதான் எல்லா இடத்திலும். பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். அவர்கள் ஒரு படத்தின் முன்னால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். என்ன செய்தால் நிற்பார்கள்?

அப்புறம், இந்தப் படங்களை நாமே எடுத்து பிரிண்ட் போடலாமா, யாரிடமாவது கேட்க வேண்டுமா? நிர்வாணமாக வரைந்த படங்களை என்ன செய்வது? பெற்றோரும் வந்து பார்ப்பார்கள். சென்னையோடு தொடர்புள்ளவர்கள் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில்: காசிமேடு தூண்டில்

நல்ல வேலை, தங்கச்சி. ஃப்ரிடாவைக் கட்டாயம் வையுங்கள். மெக்சிகோக்காரர், பஸ் விபத்தில் முதுகெலும்பு உடைந்து, படுத்த படுக்கையாக இருந்தபோது கட்டிலுக்கு மேலே கண்ணாடி மாட்டித் தன்னையே பார்த்து வரைந்தவர். அந்தக் கதையைக் கேட்டால் பிள்ளைகள் நிற்பார்கள்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். பெண் ஓவியர் என்று தனியாகப் பிரிப்பது சரிதானா? எங்கள் அம்மா காலமெல்லாம் மீன் விற்றவர். கூடையில் இருக்கிற மீன் நல்ல மீனா என்றுதான் வாங்குகிறவர்கள் பார்ப்பார்கள். படத்துக்கும் அப்படித்தானே? படம் நன்றாக இருந்தால், வரைந்தது யாராக இருந்தால் என்ன? தப்பாக நினைக்காமல் யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

பதில்: கல்மண்டபம்

படிப்பகத் தங்கச்சிக்கு. நான் ராயபுரத்துக்காரி. எண்பதுகளில் பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியில் பிரிண்ட் மேக்கிங், அதாவது அச்சு ஓவியம், படித்தேன். பிறகு டிராயிங் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து அந்தச் சுவரில் மனதுக்குள் படம் மாட்டிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் மாட்ட வேண்டியவர் கேத்தே கோல்விட்ஸ். ஜெர்மனிக்காரர், 1867-ல் பிறந்தவர். அவரை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம் பகுதிப் பிள்ளைகளுக்கு எந்த விளக்கமும் இல்லாமல் புரிகிற ஓவியர் அவர். கணவர் டாக்டர். பெர்லின் நகரத்தின் வடக்குப் பக்கம், தொழிலாளிகள் நெருக்கியடித்துக் குடியிருந்த பகுதியில் வைத்தியம் பார்த்தார். வீடும் அங்கேதான். வைத்தியத்துக்கு வந்து காத்திருந்த பெண்களின் முகத்தையும் கையையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர் கேத்தே.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நெசவாளர்களைப் பற்றிய ஆறு படங்கள். 1844-ல் சைலீசியா என்ற பகுதியில் கூலி போதாமல் கைத்தறி நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை வைத்து எழுதிய ஒரு நாடகத்தை 1893-ல் பார்த்துவிட்டு, பல வருடம் அந்த ஆறு படத்திலேயே உழைத்தார். முதல் மூன்றும் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து எடுக்கிற அச்சு, அடுத்த மூன்றும் செம்புத் தகட்டில் அமிலம் வைத்து அரித்து எடுத்தவை. நீங்கள் முதல் படத்தை மட்டும் மாட்டினால்கூடப் போதும். ஓர் இருட்டு அறை, சின்னதாக ஒரு ஜன்னல். முன்னால் கட்டிலில் நோயில் கிடக்கிற குழந்தை. வெளிச்சம் முழுக்க அந்தத் தலையணையில்தான் விழுகிறது. பக்கத்தில் அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அறையை அடைத்துக்கொண்டு தறி நிற்கிறது. வீட்டில் மனிதர்களுக்கு இருக்கிற இடத்தைவிடத் தறிக்கு இருக்கிற இடம் அதிகம். பிள்ளைகளிடம் அந்தத் தறியைக் காட்டுங்கள்.

என் அப்பா பெரம்பூர் மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் உருவானது. திரு.வி.க. அதில் முன்னால் நின்றார். கல்லூரி நூலகத்தில் அந்த ஆறு படங்களையும் முதன்முதலாகப் பார்த்துவிட்டு, புத்தகத்தை இரவல் எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன். ஓவியம் பற்றி அதுவரை அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான்காவது படத்தில் நெசவாளர்கள் ஊர்வலமாகப் போவார்கள். கூட்டத்தில் ஒரு பெண், முதுகில் தூங்குகிற குழந்தையைச் சுமந்துகொண்டு நடப்பாள். அந்தப் பெண்ணின் மேல் விரலை வைத்து, "இது யாரு போட்டது?" என்று கேட்டார். ஒரு பொம்பளைதான் போட்டாங்க என்று சொன்னேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி வரைக்கும் அது அப்பாவின் கட்டில் பக்கத்திலேயே இருந்தது.

1898-ல் அந்தப் படங்களுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்று பெர்லின் கண்காட்சியின் நடுவர் குழு சொன்னது. ஜெர்மன் பேரரசர் கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். பிறகு பிரஷ்யக் கலை அகாதமி அவரை உறுப்பினராக்கியது. இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெண் அங்கே அப்படித் தேர்வானது அதுதான் முதல் முறை. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கிருந்து விலக வைத்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-லேயே சின்ன மகன் போர்முனையில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவர் வரைந்ததில் பாதி, பிள்ளையைக் கையால் மறைத்துக் காக்கிற தாய்மார்கள்தான். இரண்டாம் போரில் பேரனும் போனான். 1945 ஏப்ரலில், போர் முடிய சில நாட்களே இருந்தபோது அவரும் கண்ணை மூடினார்.

1924-ல் போட்ட "ரொட்டி" என்ற கல்லச்சுப் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். அம்மா முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறாள், முகமே தெரியாது. இரண்டு பிள்ளைகள் அவளைப் பிடித்து இழுக்கிறார்கள், ஒன்று அண்ணாந்து பார்த்து அழுகிறது. அழுகிற முகத்தைப் போடுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு முதுகை மட்டும் வைத்து அந்தத் துக்கத்தைக் காட்டியிருக்கிறார், அதுதான் கை. நான் வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டிவிட்டு, அம்மாவின் முதுகை மட்டும் வரையச் சொல்வேன். அடுப்படியில் நிற்கிற முதுகு, குழாயடியில் குனிந்த முதுகு என்று பிள்ளைகள் வரைந்து கொண்டுவருவார்கள். நீங்களும் செய்து பாருங்கள்.

நிர்வாணப் படங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் படங்களை மாட்ட வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் அந்த விஷயத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். பெண்கள் ஏன் குறைவு என்ற கேள்விக்கு முக்கியமான பதில் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் பெரிய ஓவியன் என்று பெயர் வாங்க வேண்டுமானால், பல உருவங்கள் உள்ள புராண, சரித்திரப் படங்களை வரைய வேண்டும். அதற்கு உடம்பைப் பார்த்து வரையப் பழக வேண்டும். ஆடையில்லாத மாடலை நிறுத்தி வைத்து நடக்கிற அந்த வகுப்புக்குள் பெண்களை விடவே இல்லை. லண்டன் ராயல் அகாதமி என்ற ஓவியர் அமைப்பு 1768-ல் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். அகாதமியாரை எல்லாம் ஒன்றாக வைத்து ஜோஹன் ஜோஃபனி ஒரு படம் வரைந்தார். ஆண்கள் எல்லாரும் மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த இரண்டு பேரும் அறையில் இல்லை. சுவரில் மாட்டிய இரண்டு முகப் படங்களாக இருக்கிறார்கள்! இந்தப் படத்தை மாட்டினால் மாடல்கள் தெரிவார்கள் என்று நினைத்தால், அந்த மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போடுங்கள். பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

அந்த இருவருக்குப் பிறகு இன்னொரு பெண் முழு உறுப்பினரானது 1936-ல், லாரா நைட். நடுவில் 1860-ல் லாரா ஹெர்ஃபோர்ட் என்று ஒருவர் அகாதமிப் பள்ளிக்கு வெறும் "எல். ஹெர்ஃபோர்ட்" என்று மட்டும் கையெழுத்துப் போட்டுப் படம் அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள். பிறகு திருப்பி அனுப்ப முடியவில்லை. கிட்டத்தட்ட நூறு வருடமாக அடைத்துக் கிடந்த கதவு அப்படித்தான் திறந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் போக முடியாதவர்கள் வெளியே போய்ப் படித்தார்கள். பிரான்சில் ரோசா பொனர் மாட்டின் உடம்பைத் தெரிந்துகொள்ள இறைச்சிக் கூடங்களுக்குப் போய் நின்று வரைந்தார். பாரீஸ் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு தடவை, ஆண் வேஷத்தில், ஒன்றரை வருடம் போனார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் பெண் பேண்ட் போட போலீஸில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. அப்படிப் போய் வரைந்த "குதிரைச் சந்தை" இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. உங்கள் சுவர் 14 அடி என்கிறீர்கள். அந்தப் படம் பதினாறரை அடி நீளம், எட்டடி உயரம். ஏ3-ல் பிரிண்ட் போட்டுவிட்டு, அசல் எவ்வளவு பெரிது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள். உங்கள் மாடிக்குள் அடங்குகிறதா என்று பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும்.

இனி நம் ஊர். டி.கே. பத்மினி. இந்தப் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். 1940-ல் கேரளத்துப் பொன்னானிப் பக்கம் பிறந்து, பெரியமேட்டுக் கல்லூரிக்கு வந்து கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர். படிப்பு முடித்து இங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். 1969-ல் பிரசவத்தில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் நூற்றுக்கணக்கான படங்கள். அவர் படத்தில் பெண்கள் மரத்தோடும் நிலத்தோடும் கலந்து நிற்பார்கள், கறுத்த பச்சையும் நீலமும் தூக்கலாக இருக்கும். கடைசியாக வரைந்தது பட்டம் விடுகிற ஒரு பெண். நம் பக்கத்தில் மொட்டை மாடிக்கு மாடி காத்தாடி விட்டவர்கள் எல்லாம் பையன்கள்தான், எனக்குத் தெரிந்து எந்தப் பெண்ணின் கையிலும் நூல் கொடுத்ததில்லை. அந்தப் படத்தின் முன்னால் நம் பிள்ளைகள் நிற்காமல் போவார்களா? அதே கல்லூரியின் படிக்கட்டில் நானும் ஏறி இறங்கியிருக்கிறேன். அங்கே இருந்த வருடங்களில் இந்தப் பெயரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பணிக்கரின் மாணவர்கள் என்று சொன்ன பட்டியலில் ஆண்கள்தான் வந்தார்கள். எனக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தோடு சேர்ந்த ஓவியர் அர்னவாஸ், சிற்பி அனிலா ஜேக்கப் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போகலாம், அங்கே மியூசியம் இருக்கிறது.

அம்ரிதா ஷேர்கில் பற்றி நெட்டிலேயே நிறைய இருக்கும். அவர் படம் ஒன்று ஏலத்தில் 61.8 கோடிக்குப் போனதை எல்லாரும் எழுதுவார்கள், அதை விடுங்கள். அவர் அஜந்தாவைப் பார்த்துவிட்டு, கன்னியாகுமரி வரைக்கும் வந்துபோன பிறகு 1937-ல் வரைந்த "சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்" படத்தைப் போடுங்கள். பாரீஸில் படித்த கை, நம் நிறத்தைப் பார்த்த பிறகு எப்படி மாறியது என்று அதில் தெரியும்.

பதில்: கல்மண்டபம்

காசிமேடு தம்பிக்குத் தனியாகச் சொல்கிறேன், கேட்டது நியாயமான கேள்வி.

ஹாலந்தில் ஹார்லெம் என்ற ஊரில் யூடித் லெய்ஸ்டர் (Judith Leyster) என்று ஒருவர் இருந்தார். 1633-ல் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானவர். சொந்தப் பட்டறை வைத்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். ஒரு மாணவனை அந்த ஊரின் பெரிய ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் தன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டபோது, சங்கத்தில் புகார் கொடுத்துப் பணமும் வாங்கினார். அப்படிப்பட்ட ஆள், 1660-ல் இறந்த பிறகு காணாமலே போனார். கணவரும் ஓவியர். அவர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில் சில படங்களை "இறந்தவரின் மனைவி வரைந்தது" என்று எழுதினார்கள், பெயர் இல்லை. மற்ற படங்கள் ஹால்ஸ் கணக்கில் போய்ச் சேர்ந்தன.

இப்போது பாரீஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிற ஒரு படம் ஹால்ஸ் வரைந்தது என்றே நல்ல விலைக்குக் கைமாறியது. 1893-ல் ஓர் ஆராய்ச்சியாளர் அதை உற்றுப் பார்த்தபோது, ஒரு ஜே, ஒரு எல், ஒரு நட்சத்திரம் சேர்ந்த கையெழுத்து கிடைத்தது. லெய்ஸ்டர் போடுகிற கையெழுத்து அதுதான். வரைந்தது அவர் என்று தெரிந்ததும் வாங்கியவர்கள் சந்தோஷப்படவில்லை, விலையைக் குறைக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். படம் அதே படம்தான், வண்ணமும் அதே வண்ணம்தான். நீங்கள் சொன்ன மாதிரி மீனை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் நானும் தனியாக மாட்டச் சொல்ல மாட்டேன், தம்பி.

இன்னொன்றும் சொல்கிறேன். கலை வரலாறு படிக்கிற எல்லாரும் கையில் எடுக்கிற புத்தகம் கோம்ப்ரிச் எழுதிய "The Story of Art". 1950-ல் வந்த அதன் முதல் பதிப்பில் ஒரு பெண் ஓவியர்கூடக் கிடையாது. நாங்களும் அதைத்தான் படித்தோம். படித்துவிட்டு, பெண்கள் யாரும் வரையவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிளாஸில் உட்கார்ந்திருந்த பெண்கள் நாங்கள். தனியாக ஒரு சுவர் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

லெய்ஸ்டர் தன்னையே வரைந்த படம் வாஷிங்டனில் இருக்கிறது. படத்தை நிறுத்தி வரைகிற தாங்கியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி, நாற்காலியின் முதுகில் முழங்கையை ஊன்றி, பேசப் போகிற மாதிரி வாய் லேசாகத் திறந்து சிரிக்கிறார். ஒரு கையில் கொத்தாகத் தூரிகைகள். கழுத்தில் பெரிய லேஸ் காலர். அந்த உடுப்பில் யாரும் வண்ணம் குழைக்க மாட்டார்கள், நல்ல துணி உடுத்திக்கொண்டு "இது என் தொழில்" என்று காட்டுகிறார். சுவரின் நடுவில் இதை வைக்கலாம்.

பதில்: சுவரெழுத்து

வணக்கம். நான் வியாசர்பாடி. சுவர் விளம்பரமும் பேனரும் எழுதிக்கொண்டிருந்தவன், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தொழில் போய்விட்டது. இப்போது டிஜிட்டல் பிரிண்ட் கடையில் இருக்கிறேன். அக்கா சொன்னதெல்லாம் அருமை. பிரிண்ட் விஷயத்துக்கு நான் சொல்கிறேன்.

ஃப்ளெக்ஸில் போடாதீர்கள். பளபளப்பு அடிக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் கோல்விட்ஸின் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பளபளப்பில்லாத மேட் பேப்பரில் எடுத்து, சன்போர்டு என்கிற கனமில்லாத நுரைப் பலகையில் ஒட்டுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் மெஷினில்தான் எடுக்க வேண்டும், கறுப்பு ஆழமாக விழும். மெட்ரோபாலிடன், வாஷிங்டன் நேஷனல் கேலரி, ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம் மூன்றும் பழைய படங்களைப் பெரிய ஃபைலாகவே இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாட்ஸாப்பில் வந்த படத்தை எடுத்துக்கொண்டு வராதீர்கள், ஏ3-ல் புள்ளி புள்ளியாக உடையும்.

உரிமை பற்றி: இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த வருடத்திலிருந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. கோல்விட்ஸ் 1945, அம்ரிதா 1941, ஃப்ரிடா 1954, மூன்றுக்கும் காலம் முடிந்துவிட்டது. பத்மினி 1969 என்பதால் இன்னும் இருக்கிறது. கேரள லலிதகலா அகாதமியிடம் அவர் படங்கள் இருக்கின்றன, படிப்பகம் சார்பில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. கங்கா தேவியையும் சேருங்கள், அவர் படத்துக்கும் உரிமைக் காலம் முடியவில்லை, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பீகாரில் மிதிலைப் பகுதியில் கல்யாண வீட்டுச் சுவரில் பெண்கள்தான் படம் எழுதுவார்கள், பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருகிற கை. 1966, 67-ல் கடும் பஞ்சம். அப்போது அந்தப் பெண்களுக்கு வருமானம் வரட்டும் என்று கைவினை வாரியத்திலிருந்து பேப்பர் கொடுத்து எழுதச் சொன்னார்கள். அதுவரை வெளியில் அதிகம் தெரியாத கைகள் உலகம் முழுக்கத் தெரிந்தன. கங்கா தேவியின் கோடு முடி மாதிரி மெல்லிசு. அமெரிக்கா போனபோது அங்கே பார்த்த ரோலர் கோஸ்டரை, தாமரையும் மீனும் எழுதிய அதே கோட்டில் எழுதினார். புற்றுநோய் வந்து டெல்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்தபோது அந்த வார்டையும் டாக்டர்களையும் ஊசியையும் வரிசையாக எழுதி வைத்தார். 1984-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறைச் சுவர் முழுக்க எழுதியிருந்தார். அவர் இறந்து பல வருடம் கழித்து, புதுப்பிக்கிறோம் என்று அந்தச் சுவரை அழித்துவிட்டார்கள். சுவரில் எழுதிப் பிழைத்தவன் என்பதால் அதை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

பிரிண்ட் கூலி எனக்கு வேண்டாம். பேப்பர், சன்போர்டு காசு மட்டும் கொடுங்கள்.

பதில்: படிப்பக வாசகி

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி குழுவில் உட்கார்ந்து பேசினோம். பத்து பேர் என்பதை விட்டுவிட்டோம். கோல்விட்ஸ் இரண்டு படம், லெய்ஸ்டர், பொனர், ஜோஃபனி படத்தின் அந்த மூலை, அம்ரிதா, கங்கா தேவி, ஃப்ரிடா. கங்கா தேவி படத்துக்கும் பத்மினி படத்துக்கும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டோம். பதில் வருகிற வரைக்கும் பத்மினி இடத்தில் படம் இல்லாமல், அவரைப் பற்றி அக்கா எழுதியதை மட்டும் எழுதி மாட்டப் போகிறோம். முகமும் தேதியும் சின்ன எழுத்தில் கீழே. எந்தக் கதவு அடைத்திருந்தது, எப்படி உள்ளே போனார் என்பது பெரிய எழுத்தில் மேலே.

அக்கா, ஒரு கேள்வி. கோல்விட்ஸ் செய்த மாதிரி பிள்ளைகளே அச்சு எடுத்துப் பார்க்க முடியுமா? மெஷின் எல்லாம் வேண்டுமா? மொத்தம் முப்பது பிள்ளைகள் இருப்பார்கள்.

பதில்: கல்மண்டபம்

தாராளமாக முடியும். அமில வேலையும் கல்லச்சும் நமக்கு வேண்டாம், லினோலியம் என்கிற மெத்தென்ற ஷீட்டில் செதுக்கி எடுக்கிற லினோ அச்சு போதும். கோல்விட்ஸ் போருக்குப் பிறகு மரச்செதுக்குக்கு மாறி, 1922 வாக்கில் போரைப் பற்றி ஏழு படம் செய்தார். லினோவும் கிட்டத்தட்ட அதே முறைதான், மரத்தைவிட மெத்தென்று இருப்பதால் பிள்ளைகள் கைக்கு வரும்.

ஓவியப் பொருள் விற்கிற கடையில் லினோ ஷீட் கிடைக்கும், கைக்குள் அடங்குகிற சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிக் கொடுக்கும். வி வாய் உளி, யு வாய் உளி இரண்டு போதும். ஒரே ஒரு விதி, அதில் கண்டிப்பாக இருங்கள்: பிடித்திருக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் வரவே கூடாது. சின்னப் பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்கார வையுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாக விழும், விட்ட இடம் கறுப்பாக விழும். இது பிடிபடத்தான் நேரமாகும். அதனால் முதல் பயிற்சிக்கு வாசல் கோலத்தைச் செதுக்கச் சொல்லுங்கள். கை ஏற்கெனவே அறிந்த கோடு, செதுக்கினாலே கறுப்புத் தரையில் வெள்ளைக் கோலமாக வந்துவிடும். இரண்டாவதுதான் அம்மாவின் முதுகு. பெயர் செதுக்கினால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி எழுத வேண்டும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுவார்கள்.

மைக்கு, ஏதாவது ஆஃப்செட் பிரஸ்ஸில் ஒரு சின்ன டப்பா கறுப்பு மை கேளுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் கொஞ்சமாக வைத்து ரப்பர் ரோலரால் தேய்த்தால் சரசரவென்று ஒரு சத்தம் வரும், அந்தப் பதம் சரி. ரோலரை லினோ மேல் ஓட்டி, பேப்பரைப் போட்டு, சாப்பாட்டுக் கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் போதும், மெஷின் வேண்டாம். பேப்பர் ஆண்டர்சன் தெருவில் வாங்குங்கள், மெல்லிசாக, பளபளப்பு இல்லாததாக. கையில் ஒட்டிய மைக்கு முதலில் தேங்காய் எண்ணெய், பிறகு சோப்பு. கண்ணாடியையும் ரோலரையும் துடைக்க மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய் வேண்டியிருக்கும், அதைப் பெரியவர்களே செய்யுங்கள்.

உளி வாங்கக் காசு போடாதீர்கள். என்னிடமும் கூடப் படித்த தோழிகளிடமும் சேர்த்தால் முப்பது பிள்ளைகளுக்கும் சுழற்சியில் போதும். சாணை பிடித்துக் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் எனக்குத் தோது. படிப்பகம் எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள், மாடிப்படி செங்குத்தாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், முழங்காலுக்குத் தகுந்த மாதிரி ஆட்டோவில் வந்து இறங்கிக்கொள்கிறேன்.